புகைப்பவர்: ஆம்

வாழ்நாளில் ஒரு சிகரெட்டை
உதட்டில் வைத்ததில்லை நான்.
டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டுகிறார்.
கோட்டினின் என்றொரு சொல்.
பக்கத்தில் ஓர் எண்.
எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி,
மேல்நோக்கி.

"முதுகெலும்பில் திருகாணி போட்டுப் பூட்டப்போகிறோம்.
நிகோடின் இருந்தால் எலும்பு ஒட்டாது.
உண்மையைச் சொல்லிவிடுங்கள், அம்மா."
அவர் வெள்ளை அங்கியின் பையில்
ஒரு பாக்கெட்டின் செவ்வக விளிம்பு தெரிகிறது.

என் உண்மை இது, டாக்டர்:
ஜெபெல் குன்றில் எங்களுக்கு நான்கு துண்டு நிலம்.
கோடையில் இரவு இரண்டு மணிக்கே எழுந்துவிடுவோம்.
வெயில் ஏறினால் இலை துவண்டுவிடும், ஒடியாது.
அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
அடியிலிருந்து மூன்று மூன்றாக,
டக், டக் என்று,
குனிந்தபடியே.
பனியில் நனைந்த இலை. நனைந்த கை.
தொடையோடு ஒட்டிய ஈரச் சல்வார்.
விரலில் ஏறும் பிசின் முதலில் மஞ்சள்,
விடிவதற்குள் கறுப்பு.
சோப்புக்குப் போகாது;
பச்சைத் தக்காளியை நசுக்கித் தேய்க்கவேண்டும்.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில்
வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.
நெஞ்சு, கதவு தெரியாத வௌவால்போல் அடித்துக்கொண்டது.
நட்சத்திரங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன.
மாமியார் அல்வா கிண்டி
அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தாள்,
பிள்ளை என்று.
பிள்ளை இல்லை.
இலை.

மறு கோடையில் தலை சுற்றவில்லை.
அதற்கடுத்ததில்
நாலு வரிசை முடிந்ததும் ஒரு தெளிவு வரத் தொடங்கியது.
ஒவ்வொரு கல்லும் தன் விளிம்போடு தெரியும்.
ரெஜெப்பின் இருமல் மூன்று வயல் தள்ளிக் கேட்கும்.
பசிக்காது. இடுப்பு இருப்பதே மறந்துபோகும்.
வேலை பிடித்துப்போயிற்று என்று
நினைத்துக்கொண்டேன்.

கடைசி இலையும் ஒடித்தானபின்
நான் வேறொருத்தி.
கரண்டியை எறிவேன். பால் பொங்கி வழிந்தால் அழுவேன்.
நின்றபடியே பாதி ரொட்டியைத் தின்றுவிடுவேன்.
ரெஜெப், இலையுதிர்கால நோய் என்றார்.
நாத்தனார் ஓதி ஊதினாள்.
மருந்துக்கடையில் ஏதோ வேரின் சாற்றைச்
சொட்டுச் சொட்டாகக் குடிக்கச் சொன்னார்கள்.
ஒரு நவம்பரில்
எதற்கென்று தெரியாமலே பரணில் ஏறி,
காய்ந்த சரங்களுக்குள் முகத்தைப் புதைத்து
மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன்,
திருடிபோல.
யாரிடமும் சொன்னதில்லை.

பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?
எண்பத்தைந்து ஜனவரியில்
நகரசபை மேசைமேல் இதேபோல் ஒரு தாள்.
நஸ்மியேவாகப் போனேன்,
நெவேனாவாகத் திரும்பினேன்.
வாசலில் துப்பாக்கியோடு ஒரு பையன்,
என்னைவிடச் சின்னவன், குளிரில் நடுங்கிக்கொண்டு.
ஐந்து வருஷம்
அந்தப் பெயரில் கூப்பிட்டால்
என் கழுத்து திரும்பவில்லை.
தாள் எதையும் சொல்லும்,
உடம்பு ஒப்புக்கொள்ளாது:
அதை அன்றைக்கே கற்றவள் நான்.

இந்தத் தாளுக்கு மட்டும்
உடம்பு தலையாட்டுகிறது.
என் சந்தோஷம் என்று நான் வைத்திருந்த அந்த விடியல்களையும்
என் குணக்கேடு என்று ரெஜெப் பொறுத்துக்கொண்ட மாலைகளையும்
ஒரே எண்ணில் எழுதி
அம்பும் போட்டிருக்கிறார்கள்.
அவர் போய் நாலு வருஷமாகிறது.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

"ஆறு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார் டாக்டர்.
எதை?
இன்னும் இரண்டு அடுக்கு இலை நிற்கிறது காட்டில்.
அவர் பேனா 'ஆம்' என்ற கட்டத்தில் குறி இடுகிறது.
பிறகு அவர் விரல்கள்
மேசையில் தாளம் போடுகின்றன.
கண் கதவுக்குப் போய்
கடிகாரத்துக்குப் போய்
மறுபடியும் கதவுக்கு.
எனக்கு அந்த விரல்களைத் தெரியும்.
அவை என் நவம்பர்.

போய்ப் பிடித்துவிட்டு வாருங்கள், டாக்டர்.
நான் இங்கேயே இருக்கிறேன்.